களிமண் வயிறு

தலைவர் அவர்களே, அந்தக் களிமண் வயிற்றை உடைத்தது நீங்கள்தான்.

அப்போது நீங்கள் தலைவர் இல்லை, சங்கத்தின் காரியதரிசி. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் ஒரு யுத்தமே வந்து போய்விட்டது. நானும் பேசாமல்தான் இருந்தேன். போன மாதம் நீங்கள் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்த ஆண்டு மலரைப் படித்தேன். சங்கத்தின் மண்சிற்ப வகுப்பில் செய்த உருவத்தைக் காட்டி ஓர் ஏழை மருத்துவச்சிக்கு நீதி வாங்கிக் கொடுத்தோம் என்று அதில் போட்டிருக்கிறீர்கள். படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. நான் வார்ப்படப் பட்டறையில் இரும்பு உருக்கி ஊற்றிப் பிழைத்தவன். எனக்கு ஜோடித்து எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன். அந்த அம்மாள் எப்படிப்பட்டவர் என்று இப்போது உள்ளவர்களுக்கும் தெரியட்டும்.

ஈப்போவில் சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வகுப்பு நடந்தது. சொல்லிக் கொடுத்தவர் ஒரு சீனர். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கிற மங்குகளைச் செய்து தோட்டங்களுக்கு அனுப்புகிற சூளையில் வேலை பார்த்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சீனம் தெரியாது. கடைத்தெரு மலாய்தான் இரண்டு பக்கமும். நாங்கள் செய்வதை எல்லாம் அவர் தன் சூளைக்கு எடுத்துப் போய், மங்குகளுக்கு நடுவே கிடைக்கிற இடத்தில் வைத்துச் சுட்டுக் கொண்டு வருவார். ஒரு ரயில்வே குமாஸ்தா பூச்சாடி செய்தார். ஒரு தையல்காரர் வாரா வாரம் பிள்ளையார் செய்வார், வாரா வாரம் தும்பிக்கை விழுந்துவிடும். நான் பட்டறைக்கு வேண்டிய பம்பு உருப்படிகளுக்கு மாதிரி செய்து பழகப் போனேன். அங்கே இருந்தவர்களில் மண்ணைப் பற்றித் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது.

அந்த அம்மாள் காம்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ரயிலேறி வந்தார். நாற்பது வயதிருக்கும். குள்ளம். வெள்ளைச் சேலை, மேலே விளக்கெண்ணெய் வாசம். வலது கை நகங்களைத் தோலோடு ஒட்ட வெட்டியிருப்பார். அந்தக் கையால் விறகு தூக்க மாட்டார், துணி அடித்துத் துவைக்க மாட்டார், மிளகாய் கிள்ள மாட்டார். எல்லாம் இடது கைதான். "இது வேலைக்கு உள்ள கைலா, வீட்டுக்கு இல்ல" என்பார்.

சேர்க்கும்போது நீங்கள் கேட்டீர்கள்: "என்னம்மா செய்யக் கத்துக்கணும்? பூச்சாடியா, கிண்ணமா?"

"பிள்ளை செய்யணும் ஐயா."

கொட்டகையே சிரித்தது. தையல்காரர் சும்மா இருக்காமல், "அதுக்கு இவ்வளவு தூரம் ரயிலேறி வரணுமாக்கா?" என்றார்.

அக்கா அவர் பக்கத்தில் போய் நின்று, கேட்காமலே அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தடவினார். "நீ பொறந்தப்ப உங்கம்மா ரெண்டு நாள் கத்தியிருப்பா தம்பி. மண்டை இன்னும் நீட்டமா இருக்கு பாரு. தெரிஞ்சா சிரிக்க மாட்டே" என்றார். தையல்காரர் தலை கொஞ்சம் நீளம்தான். அதற்குப் பிறகு அவர் அந்த அம்மாளிடம் வாய் கொடுத்ததில்லை.

கண்ணை மூடிக்கொண்டுதான் வேலை செய்வார். நாங்கள் மண்ணை இப்படிப் பார்ப்போம், அப்படித் திருப்புவோம், தள்ளி நின்று அழகு பார்ப்போம். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடுவார், விரல்கள் மட்டும் நடக்கும். யாராவது எதையாவது கொண்டு போய் "எப்படி இருக்கு அக்கா?" என்று காட்டினால், "பாத்தது போதும், கொடு இங்க" என்று வாங்கித் தடவிப் பார்த்துத்தான் சொல்வார். சந்தையிலும் இதே கதைதான். ரயிலுக்கு முன்னால் பப்பாளி வாங்கப் போனால் ஒவ்வொரு பழமாகக் கண்ணை மூடி அமுக்கிப் பார்ப்பார். கடைக்காரச் சீனத்தி, "பேகாங், பேகாங், தா பெலி!" என்று கத்துவாள். தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாய், வாங்க மாட்டேன் என்கிறாய் என்று திட்டு. அக்காவுக்கு உறைக்காது. கடைசியில் ஒன்றை எடுப்பார். வெட்டினால் அது ஒன்றுதான் சரியாகப் பழுத்திருக்கும்.

என் திமிரும் அப்படித்தான் போனது. பம்பு உடலுக்கு ஒரு மாதிரி செய்து முடித்து, நாலு பேர் பார்க்கட்டும் என்று மேஜையில் வைத்திருந்தேன். அக்கா உள்ளே விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இந்த எடம் மெலிசு தம்பி."

"இல்லக்கா, அளந்துதான் செஞ்சேன்."

"எதால அளந்தே?"

"கண்ணாலதான். எனக்குப் பத்து வருஷப் பழக்கம்."

"தொட்டுச் சொல்லு."

தொட்டேன். ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் பட்டறையிலிருந்து அளவுக் கருவியைக் கொண்டு வந்து வைத்துப் பார்த்தேன். அவர் விரல் நின்ற இடம் அரிசிக் கனத்துக்கு மெலிந்திருந்தது. அப்படியே அச்செடுத்து வார்த்திருந்தால் முதல் நாளே வெடித்திருக்கும். அடுத்த ஞாயிறு நானே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பிள்ளை எதுக்கு அக்கா செய்றீங்க?" என்று கேட்டேன்.

அவர் சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன். அவர் அந்தத் தோட்டத்து மருத்துவச்சி. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பால்வெட்டுக்காரப் பெண்ணுக்கு வலி எடுத்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்கு ஆள் கூடுகிற நேரத்தில் இவர் போய் வயிற்றைத் தொட்டார். பிள்ளை குறுக்கே கிடந்தது. தலை கீழே இருந்தால் மருத்துவச்சி எடுக்கலாம். கால் கீழே இருந்தாலும் கஷ்டப்பட்டு எடுக்கலாம். குறுக்கே கிடந்து திரும்பவில்லை என்றால் ஆஸ்பத்திரிதான். ஆபீசுக்கு ஆள் அனுப்பி லாரி கேட்டார். லாரியில் ரப்பர் ஷீட்டு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சரக்கு ரயிலைப் பிடிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி. திரும்ப ஆள் அனுப்பினார். பிறகு பிள்ளையின் கை ஒன்று வெளியே வந்துவிட்டது. இவரே ஓடிப் போய் ஆபீஸ் வாசலில் நின்றார். மூன்று மணிக்கு லாரி வந்தது. அந்தப் பெண் பாதி வழியில் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது.

தோட்டத்தில் என்ன எழுதினார்கள் தெரியுமா? படிக்காத மருத்துவச்சி பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக் கொன்றுவிட்டாள், காரியம் கெட்ட பிறகுதான் லாரி கேட்டாள் என்று எழுதினார்கள். அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விசாரணைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதில் தோற்றால் வேலையும் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும், கொலைகாரி என்ற பேர் நிற்கும்.

"காலையிலயே தெரிஞ்சுதுன்னு சொல்றேன். எப்படித் தெரியும்னு கேக்குறாங்க தம்பி. கைக்குத் தெரிஞ்சத வாயால எப்படிச் சொல்ல? செஞ்சு காட்டணும். உள்ள எப்படிக் கெடந்துச்சு, ஏன் வர முடியல, எல்லாம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கு வேண்டியது பிள்ளை மட்டும் இல்லை, வயிறும்தான். திறந்து மூடுகிற வயிறு. அது எங்கள் பட்டறைச் சமாச்சாரம். வார்ப்புக்கு மேல்பெட்டி, கீழ்பெட்டி என்று இரண்டு இருக்கும். ஒன்றில் முளை, ஒன்றில் துளை. மூடினால் மயிரிழை பிசகாது. அதை மண்ணில் செய்யச் சொல்லிக் கொடுத்தேன். அந்தக் கொட்டகையில் என்னால் ஆன ஒரே உபகாரம் அதுதான். கீழ்ப்பாதியில் எலும்பு வளையத்தையும் வழியையும் அவரே தடவித் தடவிச் செய்தார். சீன வாத்தியார் வந்து பார்த்துவிட்டு, "இனி அப்பா? நங்கா கா?" என்றார். இது என்ன, பலாப்பழமா என்று கேட்கிறார். அக்கா மேல்பாதியைத் தூக்கி உள்ளே பிள்ளையைக் காட்டினார். அந்த மனிதர் வாயிலிருந்த சுருட்டை எடுத்துவிட்டார். "பாகுஸ்" என்றார். நல்லது, நல்லது என்று இரண்டு தரம். எங்கள் யாருடைய பூச்சாடிக்கும் அவர் சுருட்டை எடுத்ததில்லை.

முதலில் பிள்ளை சூளைக்குப் போய் வந்தது. அக்கா கையில் வாங்கினார், கண்ணை மூடினார், முகம் சுருங்கியது.

"இது என் பிள்ளை இல்ல. மாத்திட்டான்."

வாத்தியார் பத்து விரலையும் விரித்துக் காட்டி ஒன்றை மடக்கினார். "பாக்கார், கெச்சில்." சுட்டால் சிறுத்துப் போகும். பத்துக்கு ஒன்று. இது எங்களுக்கெல்லாம் தெரியும், கிண்ணம் செய்கிறவன் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் சமாதானம் சொன்னேன். "விடுங்கக்கா. வயித்தையும் அதே மாதிரி சின்னதா செஞ்சா கணக்கு சரியாயிரும். யாருக்குத் தெரியப் போகுது?"

என் கையில் ஒரு அடி விழுந்தது. நிஜமாகவே அடித்தார். "விசாரிக்க வர்ற தொரை இதக் கையில எடுப்பான். இத்துனூண்டு பிள்ளை வழுக்கிக்கிட்டு வந்திருக்குமே, நீ ஏன் எடுக்கலன்னு கேப்பான். செத்தவ வயித்துல இருந்தது பொம்மையா? ஒண்ணரைச் சாண் இருந்துச்சு. ஒண்ணரைச் சாண்தான் வேணும்."

விசாரணைக்கு மூன்று ஞாயிறுதான் பாக்கி. இரண்டையும் உடைத்து, பத்துக்கு ஒன்று பெரிதாக முதலிலிருந்து செய்தார். இரண்டாவது பிள்ளை சுட்டு வந்ததும் அதைத் துணியில் சுற்றித் தோட்டத்துக்கே எடுத்துப் போனார். லயத்தில் அந்த வாரம் பிறந்த குழந்தை ஒன்றின் பக்கத்தில் வைத்துத் தடவிப் பார்க்கத்தான். வயிறு வெந்து கொட்டகைக்கு வந்து சேர்ந்தது.

இனி உங்கள் பங்கு, தலைவர் அவர்களே.

விசாரணைக்கு முந்தின ஞாயிறு மாலை துரைமாரும் துரைசானிகளும் வகுப்பைப் பார்வையிட வருவதாக இருந்தது. வெள்ளைத் துணி விரித்த மேஜையில் பூச்சாடிகளை அடுக்கியிருந்தீர்கள். நான் காலையில் வந்தபோது வயிறு தரையில் எட்டுத் துண்டாகக் கிடந்தது. களிமண் தட்டுகிற கட்டை உங்கள் கையில் இருந்தது. வாத்தியார் மூலையில் குந்தியிருந்தார்.

"இது என்னங்க?" என்றேன்.

"என்னப்பா இது, பொம்பள சமாச்சாரத்த எல்லாம் கொட்டகையில கொண்டாந்து வெச்சிருக்கீங்க? வெள்ளக்காரம்மா வாராங்க. அசிங்கம்" என்றீர்கள்.

அசிங்கம் என்றீர்கள். அந்தக் கொட்டகைக்குத் தகரம் கொடுத்தது எந்தத் தோட்டத்துத் துரை என்று நீங்கள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். அக்காவை வேலையை விட்டு நிறுத்திய அதே துரைதான். அன்று மாலை முதல் நாற்காலியும் அவருக்குத்தான் போட்டிருந்தீர்கள்.

நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. உங்கள் சிபாரிசில்தான் என் தம்பிக்கு ரயில்வேயில் வேலை கிடைத்திருந்தது. வாயை மூடிக்கொண்டு துண்டுகளைப் பொறுக்கினேன். இது என் குற்றம், இதை நான் மறைக்கவில்லை.

பத்து மணி ரயிலுக்கு அக்கா வந்தார். தரையில் உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தேன். ஒரு துண்டை எடுத்து, உடைந்த விளிம்பில் கட்டை விரலை ஓட்டினார். "நல்லாத்தான் வெந்திருக்கு" என்றார். உங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாத்தியாரிடம் திரும்பி, ஒரு சாக்குப் பச்சை மண் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. பட்டறையில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, அந்தச் சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு நானும் போனேன். நீங்கள் வரவில்லை. சங்கத்திலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. சர்க்காரிலிருந்து விசாரிக்க வந்த வெள்ளைக்காரருக்குத் தமிழ் தெரியும். புத்தகத்தில் படித்த தமிழ். கூட ஒரு டாக்டர். எதிரே பெரிய கிராணி.

"அம்மணி, வயிற்றைத் திறவாமல், குழந்தை குறுக்கே கிடப்பதை நீ எவ்வாறு அறிந்தாய்?"

"தொட்டுத்தாங்க தொரை."

"கதை விடுறா தொரை" என்றார் கிராணி. "எழுதப் படிக்கத் தெரியாதவ."

"பெரிய கிராணி ஐயா, உங்க ரெண்டு பேரப் பிள்ளைங்களும் இந்தக் கையிலதான் வந்துச்சுங்க. அப்ப எனக்கு எழுதப் படிக்கத் தெரியுமான்னு நீங்க கேக்கலியே?"

பிறகு அவர் ஒரு பெரிய சட்டியை வாங்கி மேஜையில் வைத்தார். பச்சை மண்ணைத் தட்டித் தட்டி ரொட்டி மாவு போலப் பரப்பினார். அரை விரல் கனம். வயிற்றுத் தோலும் சதையும் அவ்வளவுதான் இருக்கும் என்றார். மடியிலிருந்து சுட்ட பிள்ளையை எடுத்து டாக்டரிடம் கொடுத்தார். "நான் செவுத்தப் பாத்து நிக்கிறேன். ஐயா சட்டிக்குள்ள எப்படி வேணா வைங்க. மண்ணால மூடி, துணியப் போடுங்க."

டாக்டர் வைத்தார். அக்கா திரும்பி வந்து கண்ணை மூடிக்கொண்டு துணிக்குக் கீழே கை விட்டார். "தலை கீழ. சுகப் பிரசவம்." சரி. மறுபடி. "குண்டி கீழ, மொகம் மேல." சரி. மூன்றாம் தரம் கொஞ்ச நேரம் தடவினார். உதடு லேசாகக் கோணியது.

"இதுல பிள்ளை இல்லீங்க டாக்டர் ஐயா. உங்க துண்டச் சுருட்டி வெச்சிருக்கீங்க."

வாசலில் நின்ற பியூன்கூடச் சிரித்துவிட்டான். டாக்டருக்கு முகம் சிவந்தது. நாலாம் தரம் அவர் வெகு நேரம் எடுத்துக்கொண்டு வைத்தார்.

அக்கா கை வைத்ததும் நின்றுவிட்டார். அவர் குரல் உடைந்ததை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"குறுக்க கெடக்கு. தலை எடப்பக்கம். முதுகு மேல. இதான் தொரை அன்னிக்கு. இப்படித்தான் கெடந்துச்சு அவ பிள்ளை. பிரட்டு நேரத்துல தொட்டேன். தொட்ட ஒடனே ஆள் அனுப்புனேன்." பிறகு, "நீங்களும் தொட்டுப் பாருங்க" என்றார்.

அந்த வெள்ளைக்காரர் எழுந்தார். மோதிரத்தைக் கழற்றினார். கோட்டுக் கையை மடக்கினார், கண்ணை மூடினார். அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை எடுத்தபோது முழங்கை வரை மண். அந்தக் கையோடேயே கிராணியிடம் திரும்பினார்.

"லாரி எத்தனை மணிக்குப் புறப்பட்டது?"

"மூணு மணிக்குங்க தொரை."

"அதற்கு முன் அந்த லாரி எங்கே நின்றது? எதை ஏற்றிக்கொண்டிருந்தது?"

"ரப்பர் ஷீட்டுங்க தொரை" என்றார் கிராணி.

மருத்துவச்சி மேல் குற்றமில்லை என்று தீர்ப்பானது. வேலையைத் திரும்பக் கொடுத்தார்கள். அவர் வாங்கவில்லை. அந்த லாரி நிற்கிற வாசலில் இனி நடக்க முடியாது என்று ஆயர் தாவார் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போனார். என் மனைவியின் அம்மா வீடும் அந்தப் பக்கம்தான். நாலு வருஷம் கழித்து என் மனைவிக்கு வலி எடுத்தபோது அவரைத்தான் கூப்பிட்டோம். வந்தார், தொட்டார், கையை எடுத்துவிட்டார். "இது என் கைக்கு மிஞ்சினது தம்பி. பேசிக்கிட்டு நிக்காதே, வண்டி கொண்டா" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பேர்போன கை, என் பெண்டாட்டிக்கு மட்டும் மாட்டேன் என்கிறதே என்று. ஆஸ்பத்திரியில் வயிற்றை அறுத்து எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அவர் ஒரு மணி நேரம் கெட்டிக்காரத்தனம் காட்டியிருந்தால் இரண்டும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்தப் பிள்ளை இப்போது என்னைவிட உயரமாக நிற்கிறான்.

யுத்த காலத்தில் மருந்து கிடைக்காமல் காய்ச்சலில் அக்கா போய்விட்டார். அவர் இல்லை என்கிற தைரியத்தில்தான் நீங்கள் மலரில் எழுதியிருக்கிறீர்கள்.

வயிறு உடைந்ததால்தானே பச்சை மண்ணில் செய்தார், அதனால்தானே ஜெயித்தார், எல்லாம் நன்மைக்கே என்று உங்கள் ஆட்கள் இரண்டு பேர் என்னிடம் வந்து பேசினார்கள். நெருப்பு வைத்தவன், ஓடி வந்தவர்கள் தண்ணீர் ஊற்றி அணைத்ததற்குப் பங்கு கேட்கலாமா? அந்த ஞாயிற்றுக்கும் செவ்வாய்க்கும் நடுவில் அவர் எப்படி இருந்திருப்பார் என்று நீங்கள் ஒரு தரமாவது நினைத்ததுண்டா?

இவ்வளவு எழுதியும் அவர் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை. மறந்து போய் இல்லை. உங்கள் மலரில் ஓர் ஏழை மருத்துவச்சி என்று மட்டும் போட்டீர்கள், பெயரைப் போட உங்களுக்கு மனம் வரவில்லை. நான் எழுதிக் கொடுத்து நீங்கள் தப்பித்துக்கொள்ள வேண்டாம். சங்கப் பொதுக்கூட்டம் வருகிறது. மேடையில் எழுந்து நில்லுங்கள். அந்த வயிற்றை ஏன் உடைத்தீர்கள் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். யாருடையதை உடைத்தீர்கள் என்று, அந்த அம்மாளின் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள்.